காற்றும் வெயிலும் நம்ம நிலத்துல, கணக்கு மட்டும் யார் கையில?



கொஞ்ச நாளைக்கு முன்னால் நம்ம பக்கத்து டவுனில் ஒரு கூட்டம் நடந்தது. தொழில் வர்த்தக சபைக்காரர்கள், மில் அதிபர்கள், பனியன் ஏற்றுமதியாளர்கள், காற்றாலை, சோலார் கம்பெனிக்காரர்கள் எல்லாரும் ஒன்று கூடி நடத்தினார்கள். பெரிய ஓட்டல், ஏசி ஹால். “பசுமை மின்சாரத்தில் முதலீடு” என்று வாசலில் பேனர். நம்ம சங்கத்துக்கும் அழைப்பு வந்ததால் நானும் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். காலையிலிருந்து மத்தியானம் வரைக்கும் வட்டி எவ்வளவு, வருமான வரியில் எவ்வளவு கழியும், எந்த விதியை மாற்றச் சொல்லி அரசாங்கத்திடம் கேட்பது என்று பேசினார்கள். விவசாயி என்ற வார்த்தை ஒரே ஒரு தடவைதான் வந்தது. “எல்லாம் தயார், நிலம் கிடைப்பதுதான் சிக்கல். விவசாயிகளைச் சம்மதிக்க வைக்கணும்” என்றார் ஒருவர். அவ்வளவுதான்.

அவர்கள் கணக்கில் நாம் சம்மதிக்க வைக்கப்பட வேண்டிய ஆளுங்க. பங்காளி இல்லை. அதைப் பற்றித்தான் இந்தத் துண்டுப் பிரசுரத்தில் உங்களிடம் பேச வந்திருக்கிறேன்.

முதலிலேயே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நாம் காற்றாலைக்கோ சோலாருக்கோ விரோதி கிடையாது. நிலக்கரிப் புகையால் மழை தப்புவதும், சித்திரை வெயில் பங்குனியிலேயே கொளுத்துவதும் முதலில் யார் வயிற்றில் அடிக்கிறது? நம்ம வயிற்றில்தான். மில் ஓடினால்தான் நம்ம பிள்ளைகளுக்கு வேலை, அதையும் மறக்கவில்லை. நம்ம கேள்வி ஒன்றே ஒன்று. காற்று நம்ம காட்டில் அடிக்குது, வெயில் நம்ம காட்டில் காயுது, கம்பி நம்ம காட்டுக்கு மேல் போகுது. லாபத்தில் மட்டும் நமக்கு ஏன் பங்கில்லை?

மில்லுக்கும் காற்றாலைக்கும் என்ன சம்பந்தம்?

தமிழ்நாட்டில் காற்றாலை வந்தது நேற்றைக்கு இல்லை. 1986-இல் தூத்துக்குடி பக்கம் முள்ளக்காட்டில் அரசாங்கமே சோதனைக்காகப் போட்டுப் பார்த்தது. அப்புறம் கயத்தாறு, ஆரல்வாய்மொழி, முப்பந்தல் என்று பரவி, பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கிற நம்ம உடுமலை, தாராபுரம், பல்லடம் பக்கமும் வந்து சேர்ந்தது. இன்றைக்குத் தமிழ்நாட்டில் 11,000 மெகாவாட்டுக்கு மேல் காற்றாலை நிற்கிறது.

இதில் பெரும்பங்கு போட்டவர்கள் நூல் மில்காரர்களும் மற்ற தொழிலதிபர்களும்தான். ஏன் போட்டார்கள்? பூமியைக் காப்பாற்றவா? இல்லை, கணக்குப் போட்டுத்தான் போட்டார்கள். அதில் தப்பும் இல்லை. அந்தக் கணக்கு நமக்கும் தெரியணும் என்பதுதான் விஷயம்.

முதல் கணக்கு, வருமான வரி. ஒரு இயந்திரம் வாங்கினால் வருஷா வருஷம் தேய்மானம் என்று கொஞ்சம் கொஞ்சமாக லாபத்தில் கழிப்பார்கள். காற்றாலைக்கு மட்டும் 1990-களில் முதல் வருஷமே நூற்றுக்கு நூறும் கழிக்க விட்டார்கள். பின்னால் 80 சதவீதம் ஆனது. அதாவது ஒரு கோடி ரூபாய்க்குக் காற்றாலை போட்டால், அந்த வருஷ லாபத்தில் 80 லட்சத்துக்கு வரி கிடையாது. 2012-இல் இதை நிறுத்தினார்கள். தொழில் சங்கங்கள் டெல்லிக்கு நடையாய் நடந்தன. 2014-இல் திரும்பக் கொடுத்தார்கள். 2017-லிருந்து 40 சதவீதம் என்று குறைத்தார்கள். நிறுத்தினதைக் கேட்டு ரெண்டே வருஷத்தில் திரும்ப வாங்கினார்கள் பாருங்கள், அது சங்கத்தின் பலம்.

ரெண்டாவது கணக்கு, சேமிப்பு. காற்று அடிப்பது மே மாதத்திலிருந்து செப்டம்பர் வரைக்கும். மில் ஓடுவதோ பன்னிரண்டு மாதமும். அதனால் காற்றுக் காலத்தில் மிஞ்சின மின்சாரத்தை மின்வாரியத்தின் கணக்கில் வரவு வைத்துவிட்டு, மற்ற மாதங்களில் எடுத்துக்கொள்ள ஏற்பாடு செய்து வாங்கினார்கள். பேங்கிங் என்று பேர். மார்ச் கடைசி வரைக்கும் வைத்திருக்கலாம். அதற்கு ஒரு சின்னப் பங்கைக் கழித்துக்கொள்வார்கள். 2018 மார்ச்சுக்கு அப்புறம் போட்ட காற்றாலைகளுக்கு இந்தச் சலுகையைச் சுருக்கிவிட்டார்கள். அதை விடக்கூடாது என்று அவர்கள் மனு மேல் மனு போட்டார்கள்.

இப்போ நம்ம பக்கம் திரும்பிப் பாருங்கள். உடுமலை மார்க்கெட்டில் தக்காளி விலை விழுந்தால் நாம் என்ன பண்ணுகிறோம்? வண்டி வாடகைக்குக் கூடக் கட்டாது என்று ரோட்டோரம் கொட்டிவிட்டு வருகிறோம். கண்ணுக்குத் தெரியாத காற்றைப் பத்திரமாக வைக்க ஒரு கிட்டங்கி இருக்கிறது. கையில் பிடித்த தக்காளியை வைக்கக் கிட்டங்கி இல்லை! காற்றுக்குக் கிடைத்தது ஏன் தக்காளிக்குக் கிடைக்கவில்லை? அவர்கள் கணக்கோடு போய்க் கேட்டார்கள். நாம் கண்ணீரோடு போய்க் கேட்டோம். அதுதான் வித்தியாசம்.

2022 ஆகஸ்டில் மின்கட்டணத்தை உயர்த்துவது பற்றி மின்சார ஒழுங்குமுறை ஆணையம் கோவையிலும் மதுரையிலும் சென்னையிலும் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்தியது. கோவைக் கூட்டத்துக்கு நான் போயிருந்தேன். தொழில் சங்கத்துக்காரர்கள் பைல் கட்டோடும் வக்கீலோடும் வந்தார்கள். பக்க நம்பர் சொல்லிப் பேசினார்கள். நம்மில் எத்தனை பேர் போனோம்? போனவர்களும் ஆத்திரமாகப் பேசிவிட்டு, கைதட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டோம். இதை நான் என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இலவச மின்சாரத்துக்கும் இதற்கும் உள்ள முடிச்சு

“நமக்கு இலவச மின்சாரம் இருக்கு, அவங்க என்ன பண்ணினா நமக்கென்ன?” என்று சிலபேர் நினைக்கிறார்கள். அங்கேதான் முடிச்சு இருக்கிறது.

இந்த இலவச மின்சாரம் யாரும் தானமாகக் கொடுத்ததல்ல. 1970-இல் யூனிட்டுக்கு ஒரு பைசா குறைக்கச் சொல்லிக் கேட்ட விவசாயிகள் மூன்று பேர் பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். நாராயணசாமி நாயுடு அவர்கள் தலைமையில் மாட்டு வண்டிகளைக் கொண்டுவந்து கோவையையே நிறுத்தினோம். அந்த ரத்தத்துக்குப் பிறகுதான் 1980-களில் சிறு விவசாயிகளுக்கும், 1990-இல் எல்லா விவசாயிகளுக்கும் கட்டணம் இல்லை என்று ஆனது. 2003-இல் அதை எடுக்கப் பார்த்தார்கள். 2004 தேர்தலில் ஜனங்கள் பதில் சொன்னதும் திரும்ப வந்தது. இன்றைக்கு 23 லட்சத்துக்கு மேற்பட்ட பம்புசெட்டுகள் அதில்தான் ஓடுகின்றன.

இதற்குக் காசு எங்கிருந்து வருகிறது? ஒரு பகுதி அரசாங்கம் கொடுக்கிற மானியம். இன்னொரு பகுதி, தொழிற்சாலைக்காரர்களும் கடைக்காரர்களும் கொஞ்சம் கூடுதலாகக் கட்டுகிற கட்டணம். இதைக் குறுக்கு மானியம் என்பார்கள். 2003-இல் வந்த மின்சாரச் சட்டத்தில், சொந்த உபயோகத்துக்கு மின்சாரம் தயாரிப்பவர் வாரியத்தின் கம்பி வழியாக அதைக் கொண்டுபோனாலும் குறுக்கு மானியத்துக்கான கூடுதல் கட்டணத்தைக் கட்ட வேண்டாம் என்று இருக்கிறது. சொந்தம் என்றால் முழுக்கச் சொந்தமாக இருக்கணும் என்பதும் இல்லை. பத்து மில் சேர்ந்து 26 சதவீதம் பங்கு வைத்துக்கொண்டு, வருகிற மின்சாரத்தில் 51 சதவீதத்தை அவர்களே உபயோகித்தால் போதும், அது சொந்த மின்சாரம்தான். 2005-இல் வந்த விதி இது.

ஆக, நன்றாகக் கட்டணம் கட்டக்கூடிய வாடிக்கைக்காரர்கள் ஒவ்வொருத்தராகச் சொந்தக் காற்றாலை, சொந்த சோலார் என்று விலகிப் போகப் போக, வாரியத்தின் கையில் மிஞ்சுவது வீடும் விவசாயமும்தான். அப்புறம் வாரியம் நஷ்டத்தில் ஓடுது, விவசாயிக்கு இலவசம் கொடுத்துத்தான் நஷ்டம் என்று பேப்பரில் வரும். பம்புசெட்டுக்கு மீட்டர் வை என்று டெல்லியிலிருந்து குரல் வரும். டெல்லி எல்லையில் 2020-21-இல் விவசாயிகள் ஒரு வருஷத்துக்கு மேல் உட்கார்ந்தபோது, மூன்று வேளாண் சட்டத்தோடு மின்சாரத் திருத்த மசோதாவையும் ஏன் எதிர்த்தார்கள் என்று இப்போது புரிகிறதா?

மில்காரர்கள் நம்மை ஒழிக்கத் திட்டம் போடுகிறார்கள் என்று நான் சொல்லவில்லை. அவரவர் மூட்டையை அவரவர் கட்டுகிறார்கள். கட்டத் தெரியாதவன் மூட்டை நடு ரோட்டில் அவிழும், அவ்வளவுதான்.

நிலம் போகிற கதை

எங்க ஊரில் ஒரு அண்ணன். காற்றாலைக்கு என்று தோட்டத்துக்கு நடுவில் ஒரு ஏக்கரா சொச்சம் கிரயம் செய்து கொடுத்தார். விலை நல்ல விலைதான். ஆனால் பாதைக்குத் தனியாக எழுதவில்லை. “அப்பப்ப ஒரு வண்டி வந்துட்டுப் போகும், அவ்வளவுதானுங்க” என்று புரோக்கர் வாயால் சொன்னதோடு சரி. வந்தது வண்டியா? இறக்கையை ஏற்றின நீள லாரி, அதற்குப் பின்னால் கிரேன். கிராவல் கொட்டி மேடாக ரோடு போட்டார்கள். மேற்கே இருந்து வருகிற மழைத்தண்ணி போகிற ஓடை அடைந்துபோனது. இன்றைக்கு மழை பெய்தால் மேல்பக்கம் சோளம் அழுகுது, கீழ்பக்கக் கிணற்றுக்குத் தண்ணி வருவதில்லை. யாரிடம் கேட்பது? வாங்கின கம்பெனி வேறு கம்பெனிக்கு விற்றுவிட்டது. புரோக்கரின் போன் நம்பர் மாறிவிட்டது.

காற்றாலையாவது பரவாயில்லை, அடியில் ஆடு மேய்க்கலாம், விதைக்கலாம். சோலார் அப்படி இல்லை. ஒரு மெகாவாட்டுக்கு நாலு ஏக்கரிலிருந்து ஐந்து ஏக்கர் வரைக்கும் வேண்டும், சுற்றிக் கம்பி வேலி. ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016-இல் 648 மெகாவாட் சோலார் பூங்கா வந்தது. அதற்கு எடுத்த நிலம் ஏறக்குறைய 2,500 ஏக்கர். வெளியூர்க்காரன் கண்ணுக்கு மானாவாரி நிலம் என்றால் சும்மா கிடக்கிற நிலம். நமக்குத்தானே தெரியும், அதில்தான் கம்பும் சோளமும் பருத்தியும், ஆட்டுக்கு மேய்ச்சலும், நிலமில்லாத கூலிக்காரனுக்கு நாலு மாத வேலையும். நிலத்துக்காரருக்காவது விலை கிடைக்கிறது. ஆட்டுக்காரருக்கும் களையெடுத்த அம்மாவுக்கும் என்ன கிடைத்தது? விற்கிறவர் அவர்களையும் ஒரு நிமிஷம் நினைத்துப் பார்க்கணும்.

அப்புறம் உயர்மின் கோபுரம். காற்றாலையும் சோலாரும் கூடக் கூட, மின்சாரத்தைக் கொண்டுபோகக் கோபுரமும் கூடும். சத்தீஸ்கர் மாநிலம் ராய்கரிலிருந்து கரூர் மாவட்டம் புகளூர் வரைக்கும் 800 கிலோவோல்ட் கம்பி இழுத்தபோது நடந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். 1885-ஆம் வருஷம் வெள்ளைக்காரன் போட்ட தந்திச் சட்டத்தைக் காட்டி, நம்மைக் கேட்காமலே காட்டுக்குள் குழி தோண்டினார்கள். 2018 டிசம்பரில் மேற்கு மாவட்டங்களில் காத்திருப்புப் போராட்டம், உண்ணாவிரதம் என்று கிடந்தோம். அப்போது மத்திய அரசின் வழிகாட்டுதல், கோபுரம் நிற்கிற இடத்துக்கு நில மதிப்பில் 85 சதவீதம், கம்பி போகிற இடத்துக்கு அதிகபட்சம் 15 சதவீதம் என்று இருந்தது. 2024 ஜூனில் புதிதாக வந்த வழிகாட்டுதலில் கோபுர இடத்துக்கு நில மதிப்பைப் போல ரெண்டு பங்கு, கிராமப்புறத்தில் கம்பி போகிற பாதைக்கு 30 சதவீதம் என்று ஆகியிருக்கிறது. போராடினதால் ஒன்றும் நடக்காது என்று சொல்கிறவர்களுக்கு இதைக் காட்டுங்கள். ஆனால் வழிகாட்டுதல் வேறு, நம்ம கையில் பணம் வருவது வேறு. எந்த மதிப்பு? சார்பதிவாளர் ஆபீஸ் வழிகாட்டி மதிப்பா, சந்தை மதிப்பா? அதில்தான் எல்லாக் குத்தும் வெட்டும். அங்கேதான் நாம் விழித்திருக்கணும்.

அப்போ என்னதான் பண்ணலாம்?

நம்ம ஊர்களில் ரெண்டு கட்சி. ஒரு கட்சி, எதுவும் உள்ளே வரக்கூடாது என்கிறது. இன்னொரு கட்சி, மழையும் இல்லை, ஆளும் இல்லை, வந்த விலைக்கு விற்றுவிட்டுப் போய்விடலாம் என்கிறது. ரெண்டுமே அலுத்துப்போன மனசிலிருந்து வருவது. எனக்கும் அந்த அலுப்பு உண்டு. ஆனால் மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது. நாமே பங்காளி ஆவது.

வெறும் ஆசையில் இதைச் சொல்லவில்லை. கோவை மாவட்டம் மேட்டுப்பாளையம் பக்கம் ஓடந்துறை ஊராட்சி 2006-இல் 1 கோடியே 55 லட்சம் ரூபாயில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றைச் சொந்தமாகப் போட்டது. கொஞ்சம் கையிருப்பு, மிச்சம் பேங்க் கடன். ஊருக்குத் தேவையானது போக மிச்ச மின்சாரத்தை வாரியத்துக்கு விற்று, அந்த வருமானத்திலேயே கடனைக் கட்டினார்கள். ஒரு கிராம ஊராட்சி செய்த வேலை இது! குஜராத்தில் கேடா மாவட்டம் துண்டி கிராமத்தில் 2016-இல் ஆறு விவசாயிகள் கூட்டுறவு சங்கம் வைத்து, சோலார் பம்பில் தண்ணி இறைத்தது போக மிஞ்சின மின்சாரத்தை விற்க ஆரம்பித்தார்கள். வெயிலையும் ஒரு வெள்ளாமை ஆக்கினார்கள்.

சட்டம் இடம் கொடுக்குமா? கொடுக்கும். மில்காரர்கள் பிடித்துக்கொண்டு ஏறின அதே 2003 மின்சாரச் சட்டத்தில், கூட்டுறவு சங்கமும் தன் உறுப்பினர்களின் உபயோகத்துக்காகச் சொந்த மின்நிலையம் வைக்கலாம் என்று தெளிவாக எழுதியிருக்கிறது. 2019-இல் வந்த பிரதமர் குசும் திட்டத்திலும், துணை மின்நிலையத்திலிருந்து 5 கிலோமீட்டருக்குள் விவசாயிகள், கூட்டுறவு சங்கங்கள், ஊராட்சிகள், உழவர் உற்பத்தியாளர் அமைப்புகள் அரை மெகாவாட் முதல் 2 மெகாவாட் வரை சோலார் போட்டு மின்வாரியத்துக்கு விற்கலாம் என்று ஒரு பிரிவு வைத்தார்கள். தரிசு நிலத்துக்கு என்று வந்த வழி அது. நான் அறிய நம்ம வட்டாரத்தில் விவசாயிகள் கூட்டாகச் சேர்ந்து ஒன்றுகூடப் போடவில்லை. தெரிந்தவர்களுக்கு முதல் இல்லை, முதல் இருந்தவர்களுக்கு நம்மைச் சேர்த்துக்கொள்ள மனசில்லை.

சுலபம் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். மில்லுக்கு ஆடிட்டர் இருக்கிறார், வக்கீல் இருக்கிறார், பேங்க் மேனேஜர் நாற்காலி போட்டு உட்கார வைக்கிறார். நாம் நகைக்கடனுக்கே வரிசையில் நிற்கிறோம். காற்றாலைக்காரர்களுக்கே வாரியம் மாதக்கணக்கில் பாக்கி வைத்த காலம் உண்டு, நமக்கு வைக்காதா? இதெல்லாம் நியாயமான பயம். ஆனால் ஒருத்தனாகப் போனால்தான் பயம். ஐம்பது குடும்பம் சேர்ந்த சங்கமாகப் போனால் அதே மேனேஜர் நமக்கும் நாற்காலி போடுவார். உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது என்று சொல்லிச் சொல்லியே நாம் கணக்குப் பார்ப்பதை விட்டுவிட்டோம். இனி பார்க்கணும்.

புரோக்கர் வீட்டுக்கு வந்தால்

கடைசியாகக் காரியத்துக்கு வருகிறேன். இந்தப் பக்கத்தைக் கிழித்து வீட்டில் ஒட்டி வையுங்கள்.

ஒன்று. பவர் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். கிரயத்தைவிடக் குத்தகை மேல். குத்தகை ஒரு வருஷத்துக்கு மேல் என்றால் பதிவு செய்தே ஆகணும். வெள்ளைப் பேப்பரில் எழுதினது செல்லாது.

இரண்டு. குத்தகைத் தொகை வருஷா வருஷம் எவ்வளவு ஏறும், கம்பெனி கைமாறினால் புது ஆளும் கட்டுப்படணும், காலம் முடிந்ததும் பேனலையும் கான்கிரீட்டையும் யார் செலவில் எடுப்பது, இந்த மூன்றும் பத்திரத்தில் இல்லாவிட்டால் கையெழுத்து இல்லை.

மூன்று. பாதை, ஓடை, வாய்க்கால், மேய்ச்சல் தடம், இவை நாலும் வரைபடத்தில் குறித்து இருக்கணும். வாய்ப்பேச்சு வேண்டாம்.

நான்கு. தனியாகப் பேசாதீர்கள். பக்கத்துக் காட்டுக்காரரையும் சங்கத்தையும் வைத்துப் பேசுங்கள். ஒரு ஊர் ஒரு விலை சொன்னால் புரோக்கருக்கு வேலை இல்லை.

அரசாங்கத்திடம் நம்ம கோரிக்கை இவைதான். விவசாயக் கூட்டுறவு சங்கங்கள் போடுகிற காற்றாலை, சோலாருக்குக் கூட்டுறவு வங்கி மூலம் குறைந்த வட்டிக் கடனும், துணை மின்நிலையத்தில் முன்னுரிமை இணைப்பும் கொடு! ஊருக்குள் வருகிற ஒவ்வொரு மின்திட்டத்தையும் கிராம சபையில் வைத்துப் பேசின பிறகே அனுமதி கொடு! கோபுரத்துக்கும் கம்பிப் பாதைக்கும் சந்தை மதிப்பில் இழப்பீடு கொடு, ஒரே தவணையில் கொடு! ஓடைப் புறம்போக்கை அடைத்த இடங்களை அளந்து திறந்துவிடு! இலவச மின்சாரத்தில் கை வைக்காதே!

தொழில் சங்கத்துப் பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்க மில்லுக்குப் பருத்தி கொடுத்தது இந்த மண்ணு. உங்க தாத்தாவும் எங்க தாத்தாவும் ஒரே சந்தையில் மாடு பிடித்தவர்கள்தான். அடுத்த தடவை கூட்டம் போடும்போது எங்களைச் சம்மதிக்க வைப்பது எப்படி என்று பேசாதீர்கள். எங்களுக்கு எவ்வளவு பங்கு என்று பேசுங்கள். நாங்களும் பைலோடு வருகிறோம்.

விவசாயிகளே! அடுத்த கிராம சபைக்குத் தவறாமல் வாருங்கள். தீர்மானத்தின் வாசகம் பின்பக்கம் அச்சிட்டிருக்கிறோம். அதை வாசித்துப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லிக் கேளுங்கள். ஏற்ற மறுத்தால் அந்த இடத்திலேயே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அந்தக் கையெழுத்துகளோடு வட்டாட்சியர் அலுவலகத்தின் முன்னால் உட்காருவோம். பெண்கள் அவசியம் வரணும். பட்டா யார் பேரில் இருந்தாலும் பாடு உங்களுடையதுதானே.

பெருமாநல்லூரில் ஒரு பைசாவுக்கு உயிரைக் கொடுத்தவர்கள் கேட்டது வெறும் பைசா அல்ல. எங்களையும் கணக்கில் சேர் என்றுதான் கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு இன்னும் முழுப் பதில் வரவில்லை. வரும் வரைக்கும் கேட்போம்.

காற்றில் பங்கு, வெயிலில் பங்கு, விவசாயிக்கும் பங்கு!
இலவச மின்சாரம் எங்கள் உரிமை!
உழவர் ஒற்றுமை ஓங்குக!

இப்படிக்கு,
சங்கச் செயலாளர்